உங்கள் நெல் புத்தகம் யார் கைக்குப் போக வேண்டும்?

கேள்வி:

வேளாண்மைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் திருவாரூர் பக்கம். நெல் சாகுபடி பற்றித் தெரிந்ததையெல்லாம் சேர்த்து 240 பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதி, சொந்தச் செலவில் 300 பிரதிகள் போட்டேன். விலை 350 ரூபாய். டிடிபி செய்தவரே புரூஃபும் பார்த்தார்.

வாங்கியவர்கள் சொல்வது ஒன்றோடொன்று ஒட்டவில்லை. எங்கள் ஊர் விவசாயி ஒருவர், “சார், ஆபீஸ் சர்க்குலர் மாதிரி இருக்கு, உள்ள போக முடியல” என்றார். வேளாண் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், “எதற்கும் ஆதாரம் கொடுக்கவில்லையே” என்றார். பாரம்பரிய நெல்லில் ஆர்வம் கொண்டு வாங்கிய சென்னை வாசகி ஒருவர், யூரியாக் கணக்கைப் பார்த்ததுமே மூடிவைத்துவிட்டதாக எழுதியிருக்கிறார். இன்னொருவர் பக்க எண் போட்டு 60க்கு மேற்பட்ட பிழைகளைப் பட்டியலிட்டு, “தமிழே தெரியாதவர் எழுதிய புத்தகம்” என்று முடித்துவிட்டார். அது என்னை மிகவும் வருத்திவிட்டது. விஷயத்தைப் பார்க்காமல் எழுத்துப்பிழையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்களே! துபாயிலிருந்து திரும்பி வந்து அப்பாவின் நிலத்தில் இறங்கியிருக்கும் ஓர் இளைஞர் மட்டும், நாற்றங்கால் அத்தியாயத்தை ஜெராக்ஸ் எடுத்து வயலுக்குக் கொண்டுபோவதாகப் போன் செய்தார்.

பாதிக்கு மேல் பிரதிகள் வீட்டில் கிடக்கின்றன. விமர்சனங்களுக்குப் பதில் எழுதலாமா? புத்தகத்தைத் திரும்பப் பெற வேண்டுமா? புத்தகத்தையும் அந்தப் பிழைப் பட்டியலையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள ஐயா,

மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்த இளைஞருக்குப் போன் போடுங்கள்.

அவர் ஜெராக்ஸ் எடுத்த அத்தியாயத்தில், 63ஆம் பக்கத்தில், குறுகிய கால ரகங்களுக்கு ‘ஏக்கருக்கு 60 கிலோ விதை’ என்று அச்சாகியிருக்கிறது. 148ஆம் பக்கத்து அட்டவணையில் அதே 60 கிலோ ‘எக்டேருக்கு’ என்று சரியாக இருக்கிறது. ஓர் எக்டேர் 2.47 ஏக்கர். அப்படியானால் ஏக்கருக்கு 24 கிலோ போதும். 63ஆம் பக்கத்திலேயே ஓர் ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் என்றும் சொல்லியிருக்கிறீர்கள், அது சரி. இப்போது அந்தத் தம்பி உங்களை நம்பி 60 கிலோ விதை வாங்கி 8 சென்ட்டில் தூவினால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாற்று நெருங்கி, மெலிந்து, வெளிறி நிற்கும். விதைச் செலவு இரண்டரை மடங்கு. பழகிய விவசாயி அந்த வரியைப் படித்தால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார், அவர் கைக்கு அளவு தெரியும். புதிதாக வயலில் இறங்கியவருக்கு உங்கள் புத்தகம்தான் கை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிழைப் பட்டியல் போட்டவர் வரிவரியாகப் பார்த்திருக்கிறார். ஆனாலும் அவர் பட்டியலில் இந்த 60 கிலோ இல்லை. இருக்கவும் வாய்ப்பில்லை. ‘ஏக்கர்’ என்ற சொல்லில் எழுத்துப்பிழை கிடையாது. எண்ணிலும் பிழை கிடையாது. புரூஃப் பார்க்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார். நாளைக்கு விதை வாங்கப் போகிற ஒருவரின் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டு, கையில் காகிதமும் பேனாவுமாகப் படிக்கிறவருக்கு மட்டுமே அது கண்ணில் படும். உங்கள் புத்தகத்துக்குக் கிடைக்காமல் போனது அந்த வாசிப்புதான். டிடிபி செய்தவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் வேலை பக்கத்தைக் கட்டிக் கொடுப்பது. அவரிடம் புரூஃபையும் கொடுத்து, எடிட்டிங் அதிலேயே அடங்கிவிட்டதாக நினைத்துக்கொள்வது நம் ஊரில் சொந்தச் செலவில் புத்தகம் போடுகிறவர்கள் பெரும்பாலோருக்கும் நேர்கிறது.

இனி விமர்சனங்களுக்கு வருகிறேன். நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள், யாரை நம்புவது என்பது உங்கள் தவிப்பு. என் பார்வையில் நான்கு பேரும் சொல்வது ஒன்றுதான்: ‘இது எனக்காக எழுதியது இல்லை போலிருக்கிறது.’ புத்தகத்தைப் படித்தபோது அதன் காரணமும் தெரிந்தது. இதில் மூன்று பழைய நோட்டுகள் ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, துறையில் இருந்தபோது வந்த சுற்றறிக்கைகள். இரண்டு, மாணவர்களுக்கும் பயிற்சி முகாம்களுக்கும் நீங்கள் தயாரித்த குறிப்புகள். மூன்று, உங்கள் சொந்த அனுபவம். அதனால்தான் ஐந்தாம் அத்தியாயத்தில் ‘விவசாயப் பெருமக்களே’ என்று அழைக்கிறீர்கள், எட்டில் ‘மாணவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்’ என்கிறீர்கள், பன்னிரண்டில் ‘நஞ்சில்லா உணவை நாடும் நகரத்து நண்பர்கள்’ வந்துவிடுகிறார்கள். நில அளவும் அப்படியே. ஓர் இடத்தில் எக்டேர், இன்னோர் இடத்தில் ஏக்கர், வேறோர் இடத்தில் உங்கள் ஊர் வழக்கப்படி மா. தஞ்சைப் பக்கம் 3 மா ஓர் ஏக்கர் என்பது உங்களுக்கும் பக்கத்து ஊர்க்காரருக்கும் தெரியும். செங்கல்பட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்?

யாருக்கு என்பது தெளிவில்லாதபோது நடை குழம்பும், படிக்க அலுப்பாக இருக்கும் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் புத்தகத்தில் அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சரியான எண்களே தவறான எண்களாகிவிடுகின்றன. 150ஆம் பக்கத்தைப் பாருங்கள். எக்டேருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 150, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 50, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 50 கிலோ என்று அட்டவணை. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி ஆடுதுறை 43 போன்ற குட்டை ரகங்களுக்கு அது சரியான கணக்கு. பக்கத்தைப் புரட்டினால் பாரம்பரிய ரகங்களான மாப்பிள்ளைச் சம்பாவும் கறுப்புக் கவுனியும் தொடங்குகின்றன. நடுவில் ஒரு வரி எச்சரிக்கை கிடையாது. இந்த ரகங்கள் ஆள் உயரத்துக்குப் போகிறவை; தழைச்சத்தை அள்ளிப் போட்டால் கதிர் முற்றுவதற்குள் சாய்ந்துவிடும். இதை நீங்களே 191ஆம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். நாற்பது பக்கம் தள்ளி! அட்டவணையைப் பார்த்து உரம் வாங்கிப் போட்டவர் 191க்கு வருவதற்குள் பயிர் படுத்துவிடும். சென்னை வாசகி யூரியாக் கணக்கைப் பார்த்ததும் மூடிவைத்தார் என்று வருத்தப்படுகிறீர்கள். பாரம்பரிய நெல்லைத் தேடி வந்தவருக்கு அந்த அட்டவணை பொருந்தாது என்பதால், அவர் மூடிவைத்ததில் நியாயம் இருக்கிறது.

அதே அட்டவணை உங்கள் ஊர் விவசாயிக்கும் உதவவில்லை. அவர் கடையில் போய் ‘ஏக்கருக்குத் தழைச்சத்து 60 கிலோ கொடுங்கள்’ என்று கேட்கமாட்டார். மூட்டைக் கணக்கில் கேட்பார். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம், மூட்டை 45 கிலோ. எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்பது, வேறு உரத்திலிருந்து தழைச்சத்து வராத பட்சத்தில், ஏக்கருக்கு ஏறக்குறைய 3 மூட்டை யூரியா. டிஏபி உரம் போடுகிறவர் அதில் வருகிற தழைச்சத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். மண் பரிசோதனை செய்திருந்தால் கணக்கு இன்னும் மாறும். இதையெல்லாம் போட்டு, எத்தனை தவணை, எந்தெந்த நாளில் என்று பிரித்துக் கொடுத்தால் அது விவசாயிக்கான பக்கம். இப்போது இருப்பது தேர்வுக்குப் படிக்கிறவருக்கான பக்கம்.

சரி, யாருக்காக என்று வைத்துக்கொள்வது? ‘எல்லாருக்கும்’ என்ற பதிலைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது, அதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோய்விட்டீர்கள். நான்கு பேர் விமர்சனம் செய்தார்கள். ஐந்தாமவர் ஜெராக்ஸ் எடுத்தார். புத்தகத்தைப் பயன்படுத்தியவர் அவர் ஒருவர்தான். அனுபவப்பட்ட விவசாயிக்கு நாற்றங்கால் போடப் புத்தகம் தேவையில்லை. பேராசிரியருக்குப் பல்கலைக்கழக வெளியீடுகள் இருக்கின்றன. வெளிநாட்டு வேலையையோ திருப்பூர் கம்பெனி வேலையையோ விட்டுவிட்டு, அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன இரண்டு ஏக்கரில் இறங்கி, பக்கத்து வயல்காரரிடம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கிறாரே, அவருக்குத்தான் தமிழில் நல்ல கைப்புத்தகம் வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் உங்கள் மாவட்டத்திலேயே ஏராளம். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் தொடங்கிவைத்த நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கிக்கொண்டு, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருவதாகச் சொல்லிப் போகிறவர்களின் முகங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களில் முதல் தடவை நெல் போடுகிறவர்கள் எத்தனை பேர்! அந்த 2 கிலோவை என்ன செய்வது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க உங்களைப் போன்றவர்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அவரை மனத்தில் வைத்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினால் எது வேண்டும், எது வேண்டாம் என்பது தானாகத் தெரியும். முதல் 58 பக்கங்களில் கரிகாலனும் கல்லணையும் காவிரி வரலாறும் மேட்டூர் அணை கட்டிய கதையும் இருக்கின்றன. நான் அவற்றை விரும்பித்தான் படித்தேன். ஆனால் விதையைத் தொட வந்தவர் 58 பக்கம் காத்திருக்கமாட்டார். அந்தப் பகுதியிலிருந்து அவருக்குத் தேவையானது ஒன்றரைப் பக்கம்: மேட்டூர் திறப்பு ஜூன் 12 என்பது மரபான நாள், அந்த நாளில் தண்ணீர் வந்தால் குறுவைக்கு எப்போது நாற்று விட வேண்டும், தள்ளிப்போனால் எந்த வயது ரகத்துக்கு மாற வேண்டும், எப்போது குறுவையை விட்டுவிட்டு நேரே சம்பாவுக்குப் போய்விட வேண்டும். இதை உங்களைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது. மீதியை எறிந்துவிடச் சொல்லவில்லை. டெல்டா பாசனம் பற்றித் தனிச் சிறு நூலாக அதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேறு வாசகர்கள் இருக்கிறார்கள்.

பாரம்பரிய ரகங்கள் பற்றிய அத்தியாயங்களை என்ன செய்வது என்று எனக்கே இரண்டு மனம். ரசாயன உரத்தோடும் அது இல்லாமலும் ஆக இரண்டு சாகுபடி முறைகளை ஒரே புத்தகத்தில் வைக்கலாம். ஆனால் ஒரே அத்தியாயத்துக்குள் வைக்கக் கூடாது. இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இது எந்த முறை என்று அச்சிட்டுவிட்டால் ஒன்றின் கணக்கு மற்றொன்றில் கலக்காது. முடிந்தால் இரண்டு புத்தகமாகவே போடுங்கள் என்பது என் விருப்பம்.

வாசகர் யார் என்று முடிவு செய்துகொண்டு வேலை செய்வதற்குத் தமிழ்ப் பதிப்புலகில் பெரிய முன்னோடி இருக்கிறார். உ.வே.சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது, பௌத்தம் பற்றி அறிமுகமே இல்லாதவர்கள்தாம் அதைப் படிக்கப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மூலத்தைச் சரிபார்த்து அச்சிட்டதோடு நிற்கவில்லை. அரும்பதவுரை எழுதினார், கதைச் சுருக்கம் எழுதினார், புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் என்று மூன்று பகுதிகளை எழுதிச் சேர்த்தார். வாசகருக்கு எது தெரியாது என்று முன்கூட்டியே யோசித்துப் பார்த்த மனம் அது. எடிட்டிங்கில் கடினமான பாதி அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது நடை. ‘சர்க்குலர் மாதிரி’ என்று சொன்னவர் சரியாகத்தான் சொன்னார். 131ஆம் பக்கத்தில் இருக்கிற வாக்கியம் இது: ‘விதைநேர்த்தி செய்யப்பட்ட விதைகளானவை முளைகட்டும் பணி மேற்கொள்ளப்பட்ட பின்னர் நாற்றங்காலில் சீரான முறையில் விதைப்பு செய்யப்படுதல் வேண்டும்.’ யார் செய்ய வேண்டும்? எத்தனை மணி நேரம்? சீரான முறை என்றால் எப்படி? ஒன்றும் இல்லை. இதே செய்தியை 66ஆம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: ‘விதையை 10 மணி நேரம் ஊறப் போடுங்கள். தண்ணீரை வடித்துவிட்டு, சாக்கில் கட்டி, இருட்டான இடத்தில் ஒரு நாள் வையுங்கள். மறுநாள் பிரித்தால் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். நாற்றங்காலில் மெல்லிசாகத் தண்ணீர் நிற்கும்போது தூவுங்கள்.’ இரண்டையும் எழுதியது ஒரே கைதான் என்று நம்புவது கடினம். முதல் வாக்கியம் கோப்புக்காக எழுதப்பட்டது. இரண்டாவதை வரப்பில் நின்று ஒருவரிடம் பேசுவது போல எழுதியிருக்கிறீர்கள். அந்த இளைஞர் ஜெராக்ஸ் எடுத்தது இரண்டாவது குரலைத்தான்.

உங்களுக்கு எழுத வராது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 66ஆம் பக்கத்தின் குரலில் மொத்தப் புத்தகத்தையும் திரும்ப எழுதுங்கள். ‘மேற்கொள்ளப்பட’, ‘செய்யப்படுதல்’, ‘ஆனது’, ‘ஆனவை’ வருகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி, இதை அந்தத் தம்பியிடம் நேரில் எப்படிச் சொல்வேன் என்று கேட்டுப் பாருங்கள். பஞ்சகவ்யத்தைப் பற்றி எழுதும்போது ‘3 சதவீதக் கரைசல்’ என்பதோடு நில்லாமல் ‘10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி’ என்று எழுதினீர்களே, அதுதான் முறை. ஒரே விஷயம் இரண்டு இடத்தில் வந்தால் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். என் கணிப்பில் 240 பக்கம் 130க்கு வந்து நிற்கும். விலையையும் குறைக்கலாம்.

பிழைப் பட்டியலுக்கு வருவோம். ‘தமிழே தெரியாதவர்’ என்ற வரி அநியாயம்தான். பட்டியலை உங்கள் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் உங்கள் பிழையே இல்லை. பழைய எழுத்துரு ஒன்றில் அடித்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றியிருக்கிறார்கள். பழைய எழுத்துருக்களில் ‘ா’ என்னும் காலும் ‘ர’வும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும், அடிப்பவர் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தட்டிவிட்டால் கவனிக்க முடியாது. ‘நாற்று’ பல இடங்களில் ‘நரற்று’ ஆனது அப்படித்தான். இந்த வகைப் பிழைகள் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் என்பதால் கணினியில் தேடிப் பிடித்துவிடலாம். ‘ரற்’ என்று தேடினால் பாதி சிக்கிவிடும்.

மீதி உங்களுடையவைதான். ‘உரத்தை கொடுத்து’, ‘தண்ணீரை பாய்ச்சி’ என்று ஒற்று விட்டுப்போன இடங்கள், ‘இலைகள் பழுத்துவிடுகிறது’ என்று ஒருமை பன்மை தடுமாறிய இடங்கள். இவற்றை ஒரு தமிழாசிரியர் ஒரு வாரத்தில் சரிசெய்துவிடுவார். எனக்கு அவற்றைவிட அதிகம் உறுத்தியது ரகப் பெயர்கள். கறுப்புக் கவுனி, கருப்பு கவுனி, கருப்பு கௌனி என மூன்று விதமாக வருகிறது. கருங்குறுவை நான்கு பக்கம் தள்ளி ‘கருங்குருவை’ ஆகிறது. புதிதாக வருகிறவர் இவை வேறு வேறு ரகங்கள் என்றே நினைப்பார். விதை தேடிப் போய் இல்லாத ரகத்தைக் கேட்பார். ஒரு நோட்டை எடுத்து, ரகங்கள், பூச்சிகள், உரங்கள், அளவுகள் எல்லாவற்றையும் அகரவரிசையில் எழுதி, எதற்கு எந்த எழுத்து என்று ஒருமுறை முடிவு செய்து, அதை டிடிபி செய்கிறவரிடமும் புரூஃப் பார்க்கிறவரிடமும் கொடுத்துவிடுங்கள். அளவுக்கு ஏக்கரும் சென்ட்டும் மட்டும். மா, வேலி, எக்டேர் மாற்றுக் கணக்கை முதல் பக்கத்தில் ஒரு கட்டத்தில் போட்டுவிட்டால் போதும்.

எழுத்துப்பிழையைப் பெரிதாக்குகிறார்கள் என்ற உங்கள் வருத்தத்தில் நான் உங்கள் பக்கம் நிற்க முடியவில்லை, ஐயா. 350 ரூபாய் கொடுத்து வாங்கியவர் ஒரு பக்கத்தில் மூன்று பிழையைப் பார்த்தால், அதே பக்கத்தில் இருக்கிற எண்ணையும் சந்தேகப்படுவார். சந்தேகப்பட வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். 63ஆம் பக்கம் அதற்குச் சாட்சி. எழுத்தைச் சரிபார்க்காத கை எண்ணைச் சரிபார்த்திருக்கும் என்று அவர் எதை வைத்து நம்புவார்? சாப்பாட்டில் ஒரு கல் கடிபட்டால் அடுத்த கவளத்தை மெதுவாகத்தானே மெல்லுவோம்.

விமர்சனங்களுக்குப் பதில் எழுதலாமா என்று கேட்டீர்கள். பொதுவில் வாதம் செய்ய வேண்டாம். தெரிந்தவர்களைப் பிடித்துப் பாராட்டி எழுதச் சொல்லவும் வேண்டாம். வாசகர்கள் அதை உடனே கண்டுகொள்வார்கள். தனியாக நான்கு வரி எழுதலாம். பட்டியல் போட்டவருக்கு: உங்கள் பட்டியல் கிடைத்தது, அதைக் கொண்டு திருத்துகிறேன், திருத்திய பதிப்பு வந்ததும் ஒரு பிரதி அனுப்புகிறேன். அவ்வளவுதான். ‘தமிழே தெரியாதவர்’ என்ற பேச்சை எடுக்கவே வேண்டாம். ஒரு மனிதர் 240 பக்கத்தையும் பென்சிலோடு படித்திருக்கிறார். கூலி கொடுத்தாலும் அப்படிப் படிக்கிற ஆள் கிடைப்பது அரிது.

பேராசிரியர் கேட்டது பாதி சரி. மாணவர்களுக்கான புத்தகமாக இதை ஆக்கப் போவதில்லை என்பதால் பக்கம் பக்கமாக மேற்கோள் வேண்டாம். ஆனால் எந்த எண் பல்கலைக்கழகப் பரிந்துரை, எது உங்கள் அனுபவத்தில் கண்டது என்பதை ஒவ்வோர் இடத்திலும் ஓரிரு சொல்லில் குறித்துவிடுங்கள். புதிய விவசாயிக்கும் அது முக்கியம். உங்கள் மண்ணில் பலித்தது அவர் மண்ணில் பலிக்காமல் போகலாம். திருத்திய பிறகு உரக் கணக்கு அத்தியாயங்களைப் பேராசிரியரிடமே கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கேட்டால் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

உங்கள் ஊர் விவசாயிக்குக் கடிதம் வேண்டாம், நேரில் போங்கள். அவர் இந்தப் புத்தகத்தின் வாசகர் இல்லைதான். ஆனால் இதில் தவறு கண்டுபிடிக்க அவரைப் போல ஆள் கிடையாது. எழுதியதை உரக்கப் படித்துக் காட்டுங்கள். எங்கே முகம் சுளிக்கிறாரோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். அதே அத்தியாயத்தைத் துபாய்த் தம்பியிடம் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் நின்று, அவர் படித்துப் படித்து நாற்றங்கால் போடுவதைப் பாருங்கள். எந்த இடத்தில் நின்று திரும்பப் படிக்கிறார், எந்த இடத்தில் உங்களைத் திரும்பிப் பார்க்கிறார் என்று கவனித்தால், எந்த எடிட்டரும் சொல்ல முடியாத பத்து விஷயங்கள் தெரியவரும். வீட்டாரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்காதீர்கள். அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

சென்னை வாசகிக்கு, பாரம்பரிய ரகங்களைத் தனியாகப் பிரித்து எழுதப் போவதாகச் சொல்லுங்கள். எழுதுவது உறுதியானால் மட்டும்.

கையில் இருக்கும் பிரதிகளை இப்படியே விற்காதீர்கள். 63ஆம் பக்கத்து விதை அளவும், 150ஆம் பக்கத்து அட்டவணை யாருக்குப் பொருந்தாது என்பதும் முதலில் வருமாறு ஒரு தாளில் ‘பிழையும் திருத்தமும்’ அச்சடித்து ஒவ்வொரு பிரதியிலும் அட்டைக்கு உள்ளே ஒட்டுங்கள். நடுவில் செருகினால் விழுந்துவிடும். நேரடியாக வாங்கியவர்களின் போன் எண் இருந்தால் அதே தாளைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். கடையில் போட்டிருக்கும் பிரதிகளை எடுத்து வந்து ஒட்டிக் கொடுங்கள். எழுத்துப்பிழை முழுவதையும் அந்தத் தாளில் அடுக்க வேண்டாம். செலவும் விளைச்சலும் கெடக்கூடிய பிழைகள் மட்டும் போதும்.

பிறகு அவசரப்படாமல் திருத்திய பதிப்புக்கு உட்காருங்கள். அடுத்த குறுவைக்குள் முடித்துவிட வேண்டும் என்ற கெடு வேண்டாம். சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வந்தது. அதன் இரண்டாம் பதிப்பை அவர் 1907இல் திருத்தங்களோடு கொண்டுவந்தார். உங்களுக்கு இருபது ஆண்டு தேவைப்படாது, ஒரு பருவம் முழுவதும் தேவைப்படும். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாற்று முதல் அறுப்பு வரை ஒருவர் செய்து பார்க்க வேண்டுமே. இவ்வளவு மாற்றிய பிறகு அதை மறு அச்சு என்று சொல்ல முடியாது. ‘திருத்திய இரண்டாம் பதிப்பு’ என்று போட்டு, புதிய ஐஎஸ்பிஎன் எண் வாங்குங்கள். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் நிறுவனம் அதைக் கட்டணம் இல்லாமல் கொடுக்கிறது. இந்த முறை 300 பிரதியை மொத்தமாக அடிக்காமல், தேவைக்கு ஏற்ப அச்சிடும் முறையில் முதலில் ஐம்பது போடுங்கள். பிழை கண்ணில் பட்டால் கோப்பில் திருத்திவிட்டு அடுத்த ஐம்பதைப் போடலாம்.

முன்னுரையில் பட்டியல் போட்டவருக்கும் துபாய்த் தம்பிக்கும் நன்றி சொல்லுங்கள். இருவரிடமும் பெயர் போடச் சம்மதமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.